லேத்தும் ஒன்றரைப் பவுண் சங்கிலியும்

மாமாங்கேஸ்வரர் துணை

வில்லரே, மொன்றியல்
14.12.1986, ஞாயிற்றுக்கிழமை

அன்பின் கிளியின் அப்பாவுக்கு,

நானும் கிளியும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம். நீங்களும் அப்படியே இருக்கிறீர்கள் என்பதை உங்கள் கடிதத்தில் இருந்த கோபத்தை வைத்துத் தெரிந்துகொண்டேன். சுகமில்லாத மனிதர் நாலு பக்கம் ஏச மாட்டார்.

கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. வேலை முடிந்து வந்து தபால் பெட்டியைத் திறந்தால் உறையில் உங்கள் எழுத்து. ஐம்பது நாளாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. ஏன் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன் என்று கீழே எழுதுகிறேன். பனிச்சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் படிக்கட்டிலேயே இருந்து, கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதேன். மேல்வீட்டு இத்தாலியக் கிழவி இறங்கி வந்து யாராவது செத்துப் போனார்களா என்று கேட்டாள். இல்லை, உயிரோடு இருக்கிறார் என்று சொன்னேன். அதற்குப் பிறகுதான் உறையைப் பிரித்து வாசித்தேன். அப்பா என்ன எழுதியிருக்கிறார் என்று கிளி கேட்டாள். உன்னைக் கேட்டு எழுதியிருக்கிறார், நன்றாகப் படிக்கட்டாம் என்றேன். நாலு பக்கத்தில் அவளைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஏழு வயதாகியும் அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்க வராதது அன்றைக்கு நல்லதாய்ப் போயிற்று.

உங்கள் சீனித்தம்பி அண்ணன் இங்கிருந்து உங்களுக்கு எழுதியதை நீங்கள் எனக்குத் திருப்பி எழுதியிருக்கிறீர்கள். நான் காற்சட்டை போடுகிறேனாம். தலைமயிரைக் கழுத்தளவுக்கு வெட்டிவிட்டேனாம். ஆம்பிளைகளுக்கு நடுவில் லேத் மெசினில் நிற்கிறேனாம். தீபாவளி அன்று தாலி இல்லாத கழுத்தோடு மண்டபத்துக்கு வந்தேனாம். இவ்வளவும் உண்மை. அவர் ஒரு பொய்யும் எழுதவில்லை. ஆகவே நான் வேலையை விட வேண்டும், தாலியோடு ஒரு போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும், அது வரும்வரை குடிவரவுப் படிவத்தில் கையெழுத்து வைக்க மாட்டேன் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் அடையாள அட்டையை இராணுவ முகாமில் பறித்து வைத்திருந்தபடியால்தான் போன வருசம் அண்ணன் கூப்பிட்டபோது நீங்கள் எங்களோடு வர முடியவில்லை. இப்போது அட்டை திரும்பக் கிடைத்துவிட்டது. மிச்சம் இருப்பது உங்கள் கையெழுத்து ஒன்றுதான். அது இல்லாவிட்டால் நீங்கள் வர முடியாது. நான் வேலையை விட்டாலும் நீங்கள் வர முடியாது. புருசனைக் கூப்பிடுகிறவளுக்கு நிரந்தர வேலை இருக்க வேண்டும் என்பது இங்கத்தைச் சட்டம். இதை மூன்று கடிதத்தில் எழுதிவிட்டேன். நாலாம் முறையும் எழுதுகிறேன்.

முதலில் வேலையைப் பற்றி. இங்கே வந்து பதினொரு மாதம் கோட்-டெ-நெய்ஜில் ஒரு ஆஸ்பத்திரியில் நிலம் துடைத்தேன். அந்த வேலையை எடுத்துத் தந்தவர் இதே சீனித்தம்பி அண்ணன்தான். அவர் அங்கே நோயாளிகளைத் தள்ளுவண்டியில் கொண்டு போகிறவர். யார் யாருடையதோ மூத்திரச் சட்டிகளைக் கழுவினேன். அதை எழுதினபோது, பொறுத்துக்கொள், காலம் மாறும் என்று ஆறுதலாகப் பதில் போட்டீர்கள். அந்த வேலையில் உங்களுக்கும் மானம் போகவில்லை, அவருக்கும் போகவில்லை. பிறகு இந்த மே மாதம் வீட்டுக்குக் கிட்டவே ஒரு பட்டறையில் பிசிறு அராவும் வேலை கிடைத்தது. லேத் மெசினில் சுழற்றிக் கடைந்து வருகிற இரும்புத் துண்டுகளின் ஓரத்தில் நிற்கும் கூர்ப்பிசிறை அரத்தால் அராவி எடுக்க வேண்டும். அதற்கும் நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

என் மேசைக்குப் பின்னால் வரிசையாக ஆறு லேத் ஓடும். எனக்குத் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை, கேட்டாலே போதும். உங்கள் லேத் பத்து வருசம் எங்கள் குசினிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஓடியது. கடதாசி ஆலையில் வேலை முடித்து வந்து, பின்னேரங்களில் நீங்கள் சொந்த வேலை கடைவீர்கள். சோறு வடிக்கும்போதும் தேங்காய் திருவும்போதும் நான் கேட்டது அந்தச் சத்தத்தைத்தான். இரும்பைச் சீவுகிற டூல் கூராய் இருந்தால் இரும்பு சீறிக்கொண்டு வரும். மழுங்கத் தொடங்கினால் சத்தம் தடிக்கும், பிறகு கீச்சிடும். கீச்சிட்டால் அடுத்ததாக உங்கள் வாயிலிருந்து கெட்ட வார்த்தை வரும் என்று தெரிந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய்விடுவேன். ஒரு நாள் இங்கே மூன்றாவது மெசின் அப்படித் தடித்த சத்தம் போட்டது. போர்மன் ஹென்றியிடம் போய், அந்த டூல் போகப் போகிறது என்று எனக்குத் தெரிந்த நாலு பிரெஞ்சுச் சொல்லில் சொன்னேன். அவர் சிரித்தார். ஆனாலும் நிறுத்திப் பார்த்தார். டூலின் நுனி உதிர்ந்திருந்தது. இரண்டாம் முறை சொன்னபோது சிரிக்கவில்லை. ஜூன் கடைசியில் என்னை ஒரு மெசினில் நிறுத்தினார். ஹென்றிக்கு அறுபத்திரண்டு வயது, ஆறு பேரப்பிள்ளைகள். சீனித்தம்பி அண்ணன் இதை எழுதியிருக்க மாட்டார் என்றபடியால் நான் எழுதுகிறேன்.

மெசினில் நின்ற பிறகு எனக்கு விளங்கியதை ஓகஸ்டில் உங்களுக்கு ஆசையாக எழுதினேன். கத்தி கத்தரிக்காயை வெட்டுகிற மாதிரி டூல் இரும்பை வெட்டுவதில்லை. டூலுக்கு முன்னால் இரும்பு நெருக்குப்பட்டு, ஒன்றன்மேல் ஒன்றாய் வழுக்கி, சுருளாய் எழும்புகிறது. அதனால்தான் சுருள், நாம் சீவின அளவைவிடத் தடிப்பாய் இருக்கிறது. சூட்டில் பெரும்பங்கை அந்தச் சுருள்தான் சுமந்துகொண்டு வெளியே போகிறது. உங்கள் டூலில் நீலச் சுருள் வந்தால் டூல் எரியப் போகிறது என்று மெசினை நிறுத்துவீர்கள். இங்கே காபைட் என்று மிகக் கடினமான நுனி வைத்த டூல். அதில் நீலச் சுருள் வந்தால் வேலை சரியாய் நடக்கிறது என்கிறார்கள். அது ஏன் என்று உங்களைக் கேட்டு ஒன்றரைப் பக்கம் எழுதினேன். உங்கள் பதிலில் கிணற்றுக்கட்டு இடிந்தது இருந்தது, பசு கன்று போட்டது இருந்தது. நீலச் சுருளைப் பற்றி ஒன்றும் இல்லை. அப்போதே நான் விளங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

இனித் தாலிக் கதைக்கு வருகிறேன். இதை உங்களுக்கு எழுதுவதே இல்லை என்று இருந்தேன். நீங்கள்தான் எழுத வைக்கிறீர்கள்.

மெசினில் நிறுத்திய முதல் நாளே ஹென்றி சட்டம் சொன்னார். மோதிரம், மணிக்கூடு, காப்பு, சங்கிலி ஒன்றும் உடம்பில் இருக்கக் கூடாது. மயிர் தொப்பிக்குள் இருக்க வேண்டும். நான் காப்பைக் கழற்றினேன், மோதிரத்தைக் கழற்றினேன், தோட்டையும் கழற்றினேன். வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். தாலியை நகை என்று எந்தப் பொம்பிளை நினைப்பாள்? அதைச் சட்டைக்குள் விட்டு, உள்ளுடுப்போடு சேர்த்து ஊசி குத்திக்கொண்டு நாலு மாதம் லேத்தில் நின்றேன். ஒவ்வொரு நாளும் பயந்தேன். பயந்துகொண்டே ஒவ்வொரு நாளும் கட்டிக்கொண்டு போனேன். உங்களுக்காகச் செய்த பிழை அது.

ஒக்ரோபர் 23, வியாழக்கிழமை. நீளத் தண்டு ஒன்று கடைந்துகொண்டிருந்தேன். மென்மையான இரும்பு. கெட்டி இரும்பின் சுருள் தானாய் உடைந்து விழும். இது உடையாமல் நாடா மாதிரி நீண்டு, சுழலும் தண்டைச் சுற்றிக் குருவிக்கூடு கட்டும். மெசினை நிறுத்திவிட்டுத்தான் அதை எடுக்க வேண்டும். நான் நிறுத்தாமல் கொக்கியால் இழுக்கக் குனிந்தேன். அதுவும் என் பிழைதான். ஊசி எப்போது கழன்றதோ தெரியாது. சட்டைக்குள்ளிருந்து சங்கிலி வெளியே தொங்க, ஒரு சுருள் அதைப் பிடித்துத் தண்டோடு சுற்றியது. என் தலை கீழே போனது. தண்டை இறுக்கிப் பிடித்துச் சுழலும் சக்கின் தாடைகள் என் கன்னத்துக்கு நாலு விரற்கடை தூரத்தில் ஓடுவதைப் பார்த்தேன். கிளி என்று கத்தினேனாம், பக்கத்து மெசின்காரன் பிறகு சொன்னான். சங்கிலி அறுந்தது. நான் நிலத்தில் விழுந்தேன்.

நான் தப்பியது அது ஒன்றரைப் பவுண் சங்கிலி என்றபடியால். கலியாணத்தன்று நீங்கள் கட்டியது ஒன்பது பவுண் தாலிக்கொடி. அது அறுந்திருக்காது, என் கழுத்துத்தான் போயிருக்கும். அந்தக் கொடி எங்கே போனது என்று சீனித்தம்பி அண்ணனுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். எண்பத்து நாலில், லேத் வைத்திருக்கிறவன் எல்லாம் குண்டு கடைகிறான் என்று உங்களை அள்ளிக்கொண்டு போனபோது, உங்களை வெளியே எடுப்பதற்கு நான் அதை விற்றேன். நீங்கள் வந்த பிறகு தாலியை இந்த மெல்லிய சங்கிலியில் கோத்துத் தந்து, பேந்து நல்லதாய்ச் செய்வோம் என்றீர்கள். செய்யாமல் விட்டதற்கு இப்போது நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது.

கழுத்தில் ஏழு தையல் போட்டார்கள். மறுநாள் பட்டறைக்குப் போனபோது, மெசினுக்குக் கீழே கிடந்த சுருள் அத்தனையையும் ஹென்றி ஒரு தட்டத்தில் அள்ளி வைத்து, காந்தத்தால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டிருந்தார். இரும்பெல்லாம் காந்தத்தோடு போனது. மிஞ்சியது தாலியும் சங்கிலித் துண்டுகளும். கழுவி, துப்பரவான துணியில் சுற்றித் தந்தார். தந்துவிட்டு நன்றாக ஏசினார். வேறொன்றும் இல்லை என்று எனக்குப் பொய் சொன்னாய், உன் பிள்ளைக்கு நான் என்ன சொல்லியிருப்பேன் என்று கேட்டார். இரண்டு கிழமை என்னைத் திரும்பவும் பிசிறு அராவ விட்டார். அந்த ஏச்சுக்கு எனக்குக் கோபம் வரவில்லை.

அன்றிலிருந்துதான் நான் நாளை எண்ணத் தொடங்கினேன். தாலி அறுந்தால் ஊரில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இங்கே யாரிடம் சொல்லி அழுவேன்? சொன்னால் வாய்விட்டுக் கேட்காமலே எல்லோரும் அதையே நினைப்பார்கள். பேப்பரில் மட்டக்களப்பு என்ற பெயரைப் பார்த்தாலே மடித்து வைத்துவிடுவேன். பஞ்சுநூலைத் திரித்து, கறிக்குப் போடும் மஞ்சள் தூளில் ஊறவைத்து, தாலியைக் கோத்து நானே கட்டினேன். வேலைக்குப் போகும்போது கழற்றிக் கைப்பைக்குள் வைப்பேன், வீட்டுக்கு வந்து முகம் கழுவிக் கட்டுவேன். ஐம்பது நாளும் அப்படித்தான். கட்டும்போதெல்லாம், இதைக் கட்ட எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்று தெரியாமல் கட்டினேன்.

அதற்குள் தீபாவளி வந்தது. சனிக்கிழமை, மேலதிக வேலை. முடிந்ததும் காற்சட்டையோடேயே கிளியைக் கூட்டிக்கொண்டு தேவாலயத்தின் கீழ்த்தள மண்டபத்துக்கு ஓடினேன். அவள் நடனத்துக்குப் பெயர் கொடுத்திருந்தாள். தாலி கைப்பைக்குள் இருந்தது. கழுத்துக்குச் சுற்றியிருந்த சால்வை நழுவியபோது சீனித்தம்பி அண்ணன் எதிரில் நின்றார். தாலி இல்லாததைப் பார்த்த அதே கண்ணுக்கு, ஒரு சாண் நீளத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருந்ததும் தெரிந்திருக்கும். என்ன நடந்தது பிள்ளை என்று அவர் கேட்கவில்லை. உங்களுக்கு எழுதவும் இல்லை. பேனையில் மை முடிந்திருக்கும். தலைமயிரை வெட்டியதும் நான்தான். சங்கிலி போய்விட்டது, இனிப் பிடிப்பதென்றால் பின்னலைத்தான் பிடிக்கும் என்று நினைத்து, குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று வெட்டினேன். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது. ஊர்வாயைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. எனக்கு நோகிறது உங்கள் காதைப் பற்றித்தான்.

ஏனென்றால் வேறு யாருக்கு விளங்காவிட்டாலும் உங்களுக்கு விளங்கும். ஆலையில் யோசெப்பின் சட்டைக்கையைத் தண்டு பிடித்த நாளில் நீங்கள் வந்த கோலம் எனக்கு மறக்கவில்லை. மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் ஆலைக்குப் போய், தொளதொளவென்ற சாரத்தோடு வேலைக்கு வந்த ஒருவனைக் கன்னத்தில் அறைந்துவிட்டு வந்தீர்கள். நீங்கள் கலியாண மோதிரத்தைப் போட்டுக்கொண்டு ஒரு நாளாவது லேத்தில் நின்றதுண்டா? பத்து வருசம் ஒவ்வொரு காலையிலும் அதைக் கழற்றிச் சீனிப்போத்தல் மூடியில் வைத்துவிட்டுத்தான் போனீர்கள். ஞானசுந்தரம் மோதிரம் இல்லாமல் திரிகிறான், அவன் பெண்சாதிக்கு எழுதிப் போடுவோம் என்று யாரும் நினைக்கவில்லை. நானும் மோதிரத்தைப் பார்த்து, கவனமான மனிதர் என்று சந்தோசப்பட்டேன். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

ஆகவே தாலிதான் உங்களுக்குப் பிரச்சினை என்று நான் நம்பவில்லை. மனதில் பட்டதை எழுதிவிடுகிறேன். நான் மூத்திரச்சட்டி கழுவினபோது உங்களுக்கு என்மேல் இரக்கம் வந்தது. நான் உங்கள் வேலையைச் செய்யத் தொடங்கியபோது அது நின்றுபோனது. உங்கள் லேத்தைத் துடைக்கக் கூட என்னை விட்டதில்லை, இது பொம்பிளை தொடுகிற சாமான் இல்லை என்பீர்கள். இப்போது தொட்டுவிட்டேன். அதை மன்னிக்க முடியாமல்தான் தாலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. எனக்காக இல்லை.

படிவத்தின் புதுப் பிரதியை இதோடு வைத்திருக்கிறேன். முந்தியதைக் கிழித்துவிட்டீர்களோ என்று தெரியாது. நீங்கள் கையெழுத்து வைக்க வேண்டிய இரண்டு இடங்களிலும் பென்சிலால் புள்ளடி போட்டிருக்கிறேன். கல்யாண அத்தாட்சியின் பிரதியோடு கொழும்பில் கனடாத் தூதரகத்தில் பெப்ரவரி முடிவதற்குள் கொடுக்க வேண்டும். அது தவறினால் எங்கள் கோப்பை மூடிவிடுவார்கள், திறக்க எத்தனை வருசம் ஆகுமோ. நான் நிரந்தர வேலையில் நிற்கிறேன் என்ற கடிதம் ஏற்கனவே போய்விட்டது. எழுதித் தந்தது ஹென்றி. நான் மெசினை விட்டால் அடுத்த நாளே அது வெறும் கடதாசி. நீங்கள் விடச் சொல்கிற வேலைதான் உங்களைக் கூப்பிடுகிறது.

உங்கள் கடிதத்தை நான் நேற்று மறுபடி வாசித்தேன். நாலாம் பக்கத்தில், இடம் போதாமல் ஓரத்தில் செங்குத்தாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் எழுதுவதற்கு முந்தின செவ்வாய் அடுத்த தெரு லேத் பட்டறைக்காரர் இரண்டு பேரையும் கொண்டு போனார்களாம், இன்னும் ஒரு தகவலும் இல்லையாம். என் கழுத்துக்கு நாலு பக்கம். உங்கள் உயிருக்கு ஓரத்தில் ஒரு வரி. அதை முதல் நாள் நான் கவனிக்கவே இல்லை, அவ்வளவுக்கு என்னை ஏச்சு வாசிக்க வைத்திருந்தீர்கள். நேற்றிலிருந்து வேறு ஒன்றும் கண்ணில் படவில்லை.

போட்டோ அனுப்ப மாட்டேன். வேலையையும் விட மாட்டேன். கோபத்தை அங்கே விட்டுவிட்டு வாருங்கள் என்று கேட்கவில்லை, கொண்டே வாருங்கள். வந்து என் முகத்துக்கு நேரே ஏசுங்கள். மாதக்கணக்கில் கதைக்காமல் இருங்கள். இந்த வீட்டில் இருக்கப் பிடிக்காவிட்டால் அண்ணனோடு போய் இருங்கள், அதற்கும் நான் மறுப்புச் சொல்ல மாட்டேன். என்னை வேண்டாம் என்று சொல்வதென்றாலும் ஒரு ஆள் உயிரோடு வந்து சொல்ல வேண்டும். புள்ளடி போட்ட இரண்டு இடத்தில் உங்கள் பெயரை எழுதுங்கள், கிளியின் அப்பா. உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

படிவத்தில் உங்கள் மனைவி என்ற இடத்தில் கையெழுத்து வைத்திருக்கும்,
மனோகரி